பால்மரத்துப் பாலும் லேசர் நுண்ணோக்கியும்



ஒரு சொட்டுப் பால்மரத்துப் பாலில் எத்தனைத் துகள்கள் இருக்கும்? தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, பால் வாளியின் வாடையோடு பள்ளிக்குச் சென்ற என்னை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியராக இருந்தும் நானும் என் மாணவர்களை இதைக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புதான் இந்தக் கேள்வியை என்முன் கொண்டுவந்து வைத்தது.

அழைத்தவள் என் முன்னாள் மாணவி. 2011ஆம் ஆண்டு என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வு செய்கிறாள். நலம் விசாரித்து முடித்ததும், "டீச்சர், உங்க பக்கத்துல இன்னும் யாராவது பால்மரம் சீவுறாங்களா?" என்று கேட்டாள்.

அவளுடைய ஆய்வு ரப்பர்ப் பால் துகளின் தோலைப் பற்றியது. ஆம், துகளுக்கும் தோல் உண்டு! நாம் பால் என்று சொல்வது உண்மையில் கரைசல் அன்று. தண்ணீரில் மிதக்கும் கோடானுகோடி ரப்பர் உருண்டைகள் அவை. நூறு கிராம் புதுப்பாலில் ஏறத்தாழ முப்பது முதல் முப்பத்தைந்து கிராம் ரப்பர் இருக்கும். உருண்டைகளில் பெரும்பாலானவை அரை மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. சில மட்டும் மூன்று மைக்ரோமீட்டர் வரை பருத்திருக்கும். நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அரை மைக்ரோமீட்டர் உருண்டைகளை நூற்று நாற்பது வரிசையாக அடுக்கினால்தான் ஒரு முடியின் அகலம் வரும். ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்புப் பொருளும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறை எதிர்மின்னூட்டம் உடையது. அதனால் உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. ஆலையில் திராவகம் ஊற்றியதும் பால் உறைவது ஏன் என்பது இப்போது விளங்கும். திராவகம் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடுகிறது. விலகி நின்றவை ஒட்டிக்கொள்கின்றன. உறையில் இருக்கும் புரதங்களுள் சில, ரப்பர்க் கையுறை அணிவோர் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்குகின்றன. ஆகவே அந்தத் தோலை ஆராய்வது வீண் வேலையன்று.

அவளுக்குக் கடையில் கிடைக்கும் பால் உதவாது. தொழிற்சாலைப் பாலைச் சுழற்றிச் செறிவாக்கும்போது சிறிய துகள்களில் பெரும்பகுதி கழிந்துபோகிறது. அம்மோனியாவில் நெடுநாள் கிடக்கும் பாலில் தோலிலுள்ள புரதமும் கொழுப்பும் சிதைந்துவிடுகின்றன. எனவே மரத்திலிருந்து அன்றைக்கு இறங்கிய பால் வேண்டும். லேசர் நுண்ணோக்கியில் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததோ ஒரே நாளில் மூன்று மணி நேரம். அதற்கு முன் இரண்டு முறை அவள் எடுத்த படங்கள் பயனற்றுப் போயிருந்தன. இம்முறையும் படம் வராவிட்டால் தலைப்பை மாற்றிக்கொண்டு, விலைக்கு விற்கும் பிளாஸ்டிக் உருண்டைகளை வைத்து ஆய்வை முடித்துவிடப் போவதாகச் சொன்னாள். குரல் கம்மியிருந்தது.

மாற்றிக்கொள் அம்மா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் பயிரிட்டது எங்கள் மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். அந்த மரங்களை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். இன்று அதே மலாக்காவில் ஒரு போத்தல் புதுப்பால் தேடி நான் அலைந்தேன்! தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களும் இப்போது பாலாக எடுப்பது அரிது. மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்பதுதான் அவர்களுக்கு எளிது. நான்கு பேரைக் கேட்டு, ஐந்தாவதாக அசகான் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் கிடைத்தார். "ஒரு போத்தல் பாலுக்காகவா இத்தனை தூரம் வந்தீர்கள், சிக்கு?" என்று சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர். நாங்கள் மெர்லிமாவுக்குக் குடிவந்த பிறகு பால்மரம் பக்கமே போனதில்லை. செய்தியைக் கேட்டதும், "நானும் வரேன், உனக்கு ஒன்னும் தெரியாது" என்றார். எனக்குப் பால் தெரியாது என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

மழைக்காலம் அது. பட்டை நனைந்திருந்தால் பால் காயத்தோடு வடியாமல் பட்டையெல்லாம் பரவும். மங்கில் மழைநீரும் சேரும். இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. விடிவதற்கு முன்பே அசகானில் இருந்தோம். நெற்றி விளக்கோடு பெரியவர் சீவ, என் தாயார் பின்னாலேயே நடந்தார். அவர் செய்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஏனென்றால் ஆய்வகத்தின் முதல் வேலை அங்கேதான் நடந்தது. வெட்டுவாயில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை முழுதாக உரித்தெறியச் சொன்னார். மங்கைச் சுத்தமான தண்ணீரில் இருமுறை கழுவித் துடைத்தார். "நேத்துப் பால் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் இன்னிக்குப் பால் கெட்டுப்போயிடும்" என்றார். முதலில் வடிந்த பாலை மண்ணில் ஊற்றிவிட்டு, அடுத்து வடிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டிப் போத்தலில் சேர்த்தார். மாணவி கொடுத்திருந்த அம்மோனியாவைச் சொன்ன அளவில் நான் விட்டேன். அதன் நெடி ஏறியதும் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பால் ஸ்டோரு வாசனை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போத்தலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தோம். ஆனால் உறைநிலைக்குப் போகாதபடி துணி சுற்றி வைத்தோம். உறைந்தால் துகள்களின் தோல் கிழிந்து ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டரை மணி நேரப் பயணம். தாயாரும் உடன் வந்தார்.

ஆய்வகத்தில் என் மாணவி செய்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். லேசர் நுண்ணோக்கி என்றதும் பெரிய இயந்திரம், பெரிய அறிவு என்று நாம் நினைக்கிறோம். உள்ளபடியே பாதி வெற்றி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டை எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. சமையற்கட்டு வேலை போலத்தான் எனக்குத் தோன்றியது.

முதலில் பாலை நீர்க்க வைக்க வேண்டும். எவ்வளவு? பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீரும் நுண்வடிகட்டியில் வடித்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசியையும் துகளையும் பிரித்தறிய முடியாது. இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் நூறு மடங்கு, மறுபடி நூறு மடங்கு என்று இரு படியாக நீர்த்தாள். அதில் நைல் சிவப்பு என்னும் சாயத்தை மிகச் சிறிதளவு சேர்த்தாள். இந்தச் சாயம் தண்ணீரில் மங்கிக் கிடக்கும். ரப்பர் போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள பொருளுக்குள் ஊறியதும் லேசர் ஒளியில் பளிச்சென்று ஒளிரும்.

இனித்தான் சிக்கல். இந்த நுண்ணோக்கி நம் பள்ளி நுண்ணோக்கியைப் போல் முழுக் காட்சியையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. லேசர்க் கதிரை ஒரு புள்ளியாகக் குவித்து, நாம் ஏர் உழுவதைப் போல வரி வரியாக ஓட்டிப் படத்தைச் சேர்க்கிறது. ஓர் ஊசித்துளை, மேலும் கீழும் இருந்து வரும் வேண்டாத ஒளியைத் தடுத்துவிடுகிறது. அதனால் சொட்டின் உள்ளே ஒரு மெல்லிய தளம் மட்டும் தெளிவாகத் தெரியும். ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நொடியில் அரை மைக்ரோமீட்டர் துகள் சும்மா இருக்குமா? தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால், தன் அகலத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு தூரம் அது நகர்ந்துவிடுகிறது. முதல் வரியில் இங்கே இருந்தது, பத்தாவது வரியில் வேறெங்கோ இருக்கும். படத்தில் உருண்டைக்குப் பதிலாகக் கிழிந்த கந்தல்தான் வரும். அவளுடைய முந்தைய படங்கள் கெட்டது இதனால்தான்.

சொட்டைக் காயவைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அதையும் அவள் செய்து பார்த்திருந்தாள். காயும் சொட்டில் துகள்கள் எல்லாம் விளிம்புக்கு ஓடி, மேசையில் காய்ந்த காப்பிக் கறை போல வட்டமாகச் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று உருகினாற்போல் சேர்ந்து ஏடாகிவிடும். பிறகு ஏது துகள், ஏது தோல்?

இம்முறை அவள் எடுத்த வழி, துகள்களைக் கூழில் சிறைவைப்பது. அந்தக் கூழுக்கு அகரோஸ் என்று பெயர். தீபாவளிக்கு நாம் கிண்டும் அகார்-அகார் இருக்கிறதே, அதே கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த தூய பொருள். நூற்றுக்கு ஒரு பங்கு அகரோஸைச் சூடாக்கிக் கரைத்து, கைபொறுக்கும் சூட்டில் வைத்திருந்து, நீர்த்த பாலோடு கலந்து, உடனே கண்ணாடியில் இட வேண்டும். குளிர்ந்ததும் உறைந்துவிடும். கூழின் வலைக் கண்கள் அரை மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை என்பதால் பெரிய துகள்கள் அசையாமல் நிற்கும். மிகச் சிறியவை மட்டும் கூண்டுக்குள் துள்ளிக்கொண்டிருக்கும்.

சொல்வது எளிது! குளிரூட்டிய அறை. முதல் கண்ணாடியில் கூழ் உறிஞ்சுகுழாயின் நுனியிலேயே உறைந்துவிட்டது. இரண்டாவதில் மூடுகண்ணாடியை நேராக வைத்ததால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டது. அதை ஒரு பக்கம் தொட்டு, சாய்வாக மெல்ல இறக்க வேண்டும். அந்த மூடுகண்ணாடியின் தடிமன் 0.17 மில்லிமீட்டர், நுண்ணோக்கியின் வில்லைகள் அந்தத் தடிமனுக்கென்றே செய்யப்பட்டவை. வேறு தடிமன் போட்டால் படம் மங்கும். இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவை இரு கரைகளாக ஒட்டி, நடுவில் ஒரு சிறு வாய்க்கால் உண்டாக்கி, அதில் கலவையை விட்டாள். தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. ஓரங்களை எதைக் கொண்டு அடைத்தாள் தெரியுமா? நகச்சாயம்! நிறமில்லாத நகச்சாயம். அடைக்காவிட்டால் நீர் ஆவியாகி உள்ளே ஒரு நீரோட்டம் உண்டாகும். எல்லாத் துகளும் ஒரே பக்கமாக மிதந்து போகும். பல இலட்சம் ரிங்கிட் விலையுள்ள இயந்திரத்தின் முன் சில ரிங்கிட் நகச்சாயம்.

எட்டுக் கண்ணாடிகள் செய்தாள். சூடான நீர்க் கிண்ணத்தில் குழாய் நுனிகளை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொண்ட பிறகு கை ஓடியது. மூன்று தேறின.

இடையில் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். ஒரு மில்லிலிட்டர் பாலில் 0.3 கிராம் ரப்பர் என்று கொண்டால், அரை மைக்ரோமீட்டர் உருண்டைகளாகக் கணக்கிட, ஒரு சொட்டில் ஏறத்தாழ 250 பில்லியன் துகள்கள்! பத்தாயிரம் மடங்கு நீர்த்த பிறகும் பத்து மைக்ரோலிட்டரில் ஐந்து மில்லியன். ஆனால் நுண்ணோக்கி ஒரு தடவையில் காட்டும் தளம் நூறு மைக்ரோமீட்டர் நீளம், நூறு மைக்ரோமீட்டர் அகலம், ஒரு மைக்ரோமீட்டர் ஆழம். அதற்குள் சராசரியாக ஐந்தே துகள்கள் விழும். ஏன் பத்தாயிரம் மடங்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நூறு மடங்கு மட்டும் நீர்த்திருந்தால் அதே இடத்தில் ஐந்நூறு நெருக்கிக்கொண்டு நிற்கும். எது எதனுடைய தோல் என்று சொல்ல முடியாது.

துகள்கள் ஆடுவது தொல்லை என்று மேலே எழுதினேன். அதே ஆட்டம்தான் ஒரு காலத்தில் அறிவியலுக்கு வரமாக இருந்தது. 1908ஆம் ஆண்டு பாரிசில் விக்டர் ஹென்றி என்பவர் நுண்ணோக்கியோடு திரைப்படக் கருவியை இணைத்து, ரப்பர்ப் பால் துகள்களின் ஆட்டத்தைப் படமெடுத்தார். அவருடைய அளவுகள் 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய கணக்கோடு பொருந்தவில்லை. அதே பாரிசில் ஜான் பெரன் என்பவர் ரப்பரை விட்டுவிட்டு வேறொரு மரத்தின் மஞ்சள் பிசினை எடுத்து, ஒரே அளவான உருண்டைகளாகப் பொறுமையோடு பிரித்து, ஐன்ஸ்டைன் கணக்கு சரியென்று காட்டினார். அணு, மூலக்கூறு என்பன உண்மையாகவே உள்ளன என்பதை ஐயுற்றவர்களும் அதன்பின் ஏற்றுக்கொண்டார்கள். பெரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மஞ்சள் பிசின் தரும் மரம் நம் மங்குஸ்தீனின் இனத்தைச் சேர்ந்தது. மங்குஸ்தீன் தோலை உரிக்கும்போது சட்டையில் மஞ்சள் கறை படிந்து தாயாரிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கு அது எப்படிப்பட்ட பிசின் என்று சொல்லத் தேவையில்லை. பெரன் வென்றதற்கும் காரணம் மாதிரியைத் தயாரித்த விதம்தான் என்பது என் எண்ணம். ஒரே அளவான துகள் இல்லாமல் அந்தக் கணக்கு நின்றிருக்காது.

பக்கத்து அறையில் இன்னொரு மாணவர் இன்னொரு வகை லேசர் நுண்ணோக்கியில் இருந்தார். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவைப் பயன்படுத்தும் கருவி அது. அன்று அவர்கள் தொடங்கியது சூரிய ஒளியைக் கொண்டு; லேசர் பிறந்ததோ 1960இல். அங்கே சாதாரணக் கண்ணாடி ஆகாது. கண்ணாடியே ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். கால்சியம் புளோரைடு தகட்டில் வைக்கிறார்கள். லேசரைச் சற்றுக் கூட்டினாலும் ரப்பர் கருகிவிடும் என்றார் அந்த மாணவர். ராமன் பெயரைச் சொன்னதும் நான் தமிழில் இரண்டு வார்த்தை பெருமையாகப் பேசினேன். அவர் சீனர், புன்னகைத்துக்கொண்டே கேட்டார்.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும். என் மாணவிக்குத் 'துகள்' என்ற சொல் வாயில் வரவில்லை. 'பார்ட்டிகல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள்மேல் குறையில்லை. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தது; நானே அவளுக்கு அந்த மொழியில்தான் அறிவியல் கற்பித்தேன். அந்தக் கொள்கை பின்னர் படிப்படியாகக் கைவிடப்பட்டது. மாலைக்குள் துகள், மூடுகண்ணாடி, நுண்ணோக்கி ஆகிய மூன்று சொற்களையும் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

மூன்றாவது மணி நேரத்தில் படம் வந்தது. கருமையில் ஆறு உருண்டைகள். ஒவ்வொன்றின் உள்ளும் சாயம் ஊறி ஒளிர்ந்தது. தோலுக்கென்று அவள் தனியாகச் சேர்த்திருந்த இன்னொரு சாயம் ஓரத்தில் வேறு நிறத்தில் வளையமாகத் தெரிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டீச்சர், பாட்டியைக் கூப்பிடுங்க" என்றாள்.

லேசரை அணைத்த பிறகே என் தாயாரை உள்ளே விட்டார்கள். திரையை வெகுநேரம் பார்த்தார். ஒரு சொட்டில் எத்தனை என்று நான் கணக்கைச் சொன்னேன். பில்லியன் என்பது அவருக்கு விளங்கவில்லை. ஆயிரம் கோடி, அதைப்போல இருபத்தைந்து என்றேன்.

"நீ எண்ணினியா?"

"எண்ணலம்மா, கணக்குப் போட்டோம்."

"அங்கேயும் கணக்குத்தான் போட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது பால் ஸ்டோர் கணக்கு. வாளியில் கொண்டுபோன பாலில் ரப்பர் எவ்வளவு என்பதை மிதவைக் கருவியை விட்டு அளந்து, அதற்கேற்பக் கூலி எழுதுவார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஒரு முறை எழுதி, அவருடைய ஒரு வாரக் கூலியில் பிடித்தார்கள். தண்ணீர் கலக்கவில்லை, முந்தின இரவு மழை. இது நடந்தபோது நான் நான்காம் ஆண்டு மாணவி. அந்த வாரம் எங்கள் வீட்டில் என்ன சமைத்தோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுத விரும்பவில்லை. திரையின் முன் நின்றபோது அவர் அதை முதல்முறையாக வேற்றாள் ஒருத்தியிடம் சொன்னார். மாணவி நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்து, மழைநீர் கலந்த பாலையும் கலக்காத பாலையும் இப்போது எப்படிப் பிரித்தறியலாம் என்று விளக்கினாள். ஒரு மங்குப் பாலை எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டாலே போதும். அதைச் செய்ய லேசர் வேண்டியதில்லை. தாயார், "அதையாச்சும் என் கண்ணு முன்னால செஞ்சிருக்கலாம்" என்றார்.

பள்ளி திறந்ததும் மீதியிருந்த பாலில் சிறிது எடுத்து ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டினேன். நம் பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் துகளின் தோல் தெரியாது. ஆனால் பெரிய துகள்கள் ஆடுவது நன்றாகத் தெரியும். ஆசிரிய நண்பர்கள் முயன்று பார்க்கலாம். ஒரு சொட்டுப் பாலை ஒரு போத்தல் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டு போதும். ஒளியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். பால்மரத்துப் பால் கிடைக்காதவர்கள் பசும்பாலை அதேபோல் நீர்த்து வைத்தாலும் கொழுப்புத் துளிகள் ஆடும். ஒரு மாணவன், "டீச்சர், உயிர் இருக்கா?" என்று கேட்டான். 1827இல் மகரந்தத் துகள்களைப் பார்த்த ராபர்ட் பிரவுனுக்கும் இதே ஐயம் வந்தது. உயிரற்ற கல்தூளை வைத்துப் பார்த்து அதைத் தீர்த்துக்கொண்டார் என்றேன். மறுநாள் அவனே பள்ளித் திடலிலிருந்து செங்கல் தூள் கொண்டுவந்தான்.

மாணவியின் தலைப்பு மாறவில்லை. ஆனால் மூன்று கண்ணாடிகள் ஆய்வுக்குப் போதா. வேறு மரத்துப் பாலும் வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இப்போது மரங்கள் இலையுதிர்க்கும் காலம். பால் குறைந்துவிடும், அசகான் பெரியவர் கத்தியை எடுத்து வைத்துவிட்டார். துளிர் முற்றிய பிறகு, மே மாதம் வாருங்கள் என்றிருக்கிறார். என் தாயார் அதற்குள் இரண்டு புது மங்குகள் வாங்கி, கழுவி, சமையற்கட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.